ஈரம் போக வழி

சின்னக்கானலில் ஒரு மரக்குடிலின் கதவு ஜூலையில் மூடாது. தோளால் முட்டித்தான் அடைக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் ஒரு தென்னந்தோப்பு அறையின் கதவோ பிப்ரவரியில் சுருங்கி, தாழ்ப்பாள் நாக்கு நிலைக்கு எட்டாமல் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே பட்டறையில் ஒரே தேக்கில் செய்தவையாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். வீட்டுக்காரர்கள் இருவரும் போனில் சொல்வதும் ஒன்றுதான்: "ஆசாரி, மரம் சரியில்லை. ஏமாத்திட்டாங்க."

நான் போய்ப் பார்த்த மரவீடுகளில் மரம் மட்டமாக இருந்து கெட்டவை குறைவு. ஏறிய ஈரம் இறங்க வழி வைக்காமல் கட்டியதால் கெட்டவைதான் அதிகம். மழையில் நனைந்ததற்காக எந்த மரமும் மக்கிவிடாது. நனைந்தது காய வேண்டும், அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். கதவு இறுகுவதிலிருந்து கரையான் ஏறுவது வரை பாதிப் பிரச்சினைகளின் காரணம் இதற்குள் இருக்கிறது.

என் வேலை கேரளத்தின் இரண்டு எல்லை ஓரங்களில் நடக்கிறது. ஒன்று பாலக்காட்டின் கிழக்குக் கரை: வேளந்தாவளம், கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர். மற்றொன்று இடுக்கியின் மலை விளிம்பு: போடிமெட்டு, பூப்பாறை, சூரியநெல்லி, கம்பம்மெட்டு, குமுளி. இரண்டு பக்கமும் தமிழ் புழங்கும் ஊர்கள். தச்சு வேலையைப் பொறுத்தவரை இவை இரண்டும் வேறு வேறு தேசங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். மார்கழி பிறந்ததும் கோவைப் பக்கத்திலிருந்து வறண்ட காற்று அந்த வழியாக இறங்கும். தை, மாசி முழுக்க அது மரத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். மேலே இடுக்கியிலோ இடவப்பாதி என்னும் தென்மேற்கு மழை தொடங்கினால் வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாது. அது ஓய்ந்தால் ஐப்பசியில் துலாவர்ஷம் என்னும் வடகிழக்கு மழை. மழை நின்ற நாளிலும் மூடுபனி வந்து பலகையை நனைத்துவிட்டுப் போகும். இதே மாவட்டத்தில் மறையூர் மட்டும் மழைமறைவில் காய்ந்து கிடக்கிறது. அங்கே பாலக்காட்டுக் கணக்குதான் பொருந்தும்.

மரம் ஈரத்தை வாங்கினால் அகலத்தில் விரியும், விட்டால் சுருங்கும். நீளத்தில் அநேகமாக அசையாது. தேக்கு மற்ற மரங்களை விட ஒழுக்கமானது. அதிலும் ஆறங்குலப் பலகை ஒன்று, ஈரம் பத்து சதவீதம் ஏறி இறங்கும்போது இரண்டரை மில்லிமீட்டர் வரை அகலம் மாறும். பத்தடிச் சுவரில் அப்படி இருபது பலகை வரும். எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டு அங்குலம். யூகலிப்டஸ் பலகையென்றால் இன்னும் கூடுதல். இந்த இரண்டு அங்குலம் எங்கே போய் ஒளியும் என்பதைக் கட்டும்போதே முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யாவிட்டால் மரம் தானாக முடிவு செய்யும்: மழையில் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி வயிறு தள்ளும், கோடையில் நடுவில் வெடிக்கும்.

நம் பழைய தச்சர்கள் இதற்கு வழி கண்டுவைத்திருந்தார்கள். திருவிதாங்கூர்ப் பக்கம் அறையும் நிரையும் என்ற முறையில் கட்டிய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. சுவர் முழுக்கப் பலகை. சட்டத்தில் காடி வெட்டி அதற்குள் பலகையைச் செருகியிருப்பார்கள். பலகையில் ஆணி கிடையாது. வீட்டையே கழற்றி வண்டியில் ஏற்றி வேறு ஊரில் பூட்டிக்கொள்ளலாம். அதைப் பலரும் அதிசயமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது காடிக்குள் பலகை ஓடுவதற்கு விட்டிருக்கும் இடம். மழைக்கு விரிந்தால் உள்ளே போகும், கோடையில் வெளியே வரும், வெளியில் நிற்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பெரியப்பா என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட புதிதில் ஒரு பழைய நெல்லறையைப் பிரிக்கும்போது காடியைக் காட்டி, "பாத்துக்கடா தம்பி, பலகைய யாரும் பிடிச்சு வைக்கல, தாங்கி மட்டும் வச்சிருக்காங்க" என்றார். நான் கற்றுக்கொண்ட தச்சில் பாதி அந்தச் சொல்தான்.

இன்றைக்குக் குடில் கட்டுகிறவர்கள் பலகையின் இரண்டு ஓரத்திலும் திருகாணி இறுக்குகிறார்கள். உறுதியாக இருக்கும் என்று நினைப்பு. இரண்டு பக்கமும் பிடித்த பலகை சுருங்கும்போது நடுவில் பிளக்காமல் என்ன செய்யும்? அந்த மாதிரிச் சுவரைப் பழுது பார்க்க நான் பலகையை மாற்றுவதில்லை. ஓர் ஓரத்துத் திருகாணிகளை எல்லாம் கழற்றிவிட்டு, அந்த ஓரம் அடுத்த பலகையின் நாக்குக்கு அடியில் சும்மா உட்காரும்படி விடுவேன். பிளந்த பலகையில் பிளவு ஓடி முடிந்த இடத்தில் சின்னத் துளை போட்டால் அதற்கு மேல் போகாது. பிளவுக்குள் அதே மரத்தின் மெல்லிய சீவலைப் பசை போட்டு இறக்கலாம். ஆனால் பங்குனி வெயிலில் அல்ல, மழையும் கடும் வெயிலும் இல்லாத நடுத்தரப் பருவத்தில். கோடையில் பிளவு அகலமாக இருக்கும்போது அடைத்தால் மழைக்காலத்தில் அந்தச் சீவலே ஆப்பாக மாறி பலகையைப் பிளக்கும்.

கதவுக்கும் இதே கணக்குதான். ஜூலையில் இறுகிய கதவை ஜூலையிலேயே இழைத்துத் தள்ளாதீர்கள். டிசம்பரில் அந்தக் கதவு பாம்பு நுழையும் இடைவெளியோடு நிற்கும். முதலில் கீலைப் பாருங்கள். திருகாணி தளர்ந்து கதவு தொங்கினாலும் மேல் மூலை இடிக்கும். அதை ஈரம் என்று நினைத்து இழைப்புளியை எடுப்பவர்கள் உண்டு. அடுத்து கதவின் தலையையும் அடியையும் பாருங்கள். முகப்பில் வார்னிஷ் பளபளக்கும், மேல்வெட்டிலும் கீழ்வெட்டிலும் ஒரு துளி கூட இருக்காது. மரம் தண்ணீர் குடிப்பது வெட்டுவாய் வழியாகத்தான். பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக அங்கே ஏறும். கதவைக் கழற்றி, சில நாள் உள்ளே காயவைத்து, வெட்டுவாய் இரண்டிலும் எண்ணெய் ஊறும் மட்டும் பூசி மறுபடி மாட்டினால், பல கதவுகள் இழைப்புளி படாமலே சரியாகிவிடும்.

எல்லாவற்றையும் விட நான் அதிக நேரம் செலவிடுவது தரையோடு ஒட்டிய ஒரு முழ உயரத்தில். ஒரு குடிலைப் பார்க்கக் கூப்பிட்டால் நான் முதலில் உள்ளே போவதில்லை. குனிந்து சுற்றி வருவேன். கையில் ஒரு பழைய திருப்புளி. தூண் அடியிலும் அடிச்சட்டத்திலும் அங்கங்கே குத்திப் பார்ப்பேன். நல்ல மரம் முனையைத் தடுக்கும், எடுக்கும்போது நார் தெறிக்கும். மக்கிய மரத்தில் முனை சத்தமில்லாமல் இறங்கும். வெளியில் பெயின்ட் அழகாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சணத்துக்கு ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல் நிலையாக வேண்டும். ஈரமானி இப்போது கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. ஊசியைக் குத்தினால் எண் காட்டும். தரையோரத்தில் முப்பதும் சன்னல் மட்டத்தில் பதினேழும் காட்டும் சுவரை வைத்துக்கொண்டு, வீடு முழுக்கப் பெயின்ட் அடிப்பதில் பயனில்லை.

போடிமெட்டுக்கு அருகே ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வைக்காரர் தங்கும் குடிலைப் பார்க்கப் போயிருந்தேன். தூண்கள் எல்லாம் கான்கிரீட்டுக்குள் நட்டவை. தோட்ட உரிமையாளர் நியாயமான மனிதர், காசுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதவர். "ஆசாரி, இருக்கறதெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு நல்ல மரமா புதுசா போட்டுடுங்க. கான்கிரீட்ல நட்டும் இப்படி ஆயிடுச்சே" என்றார்.

"கான்கிரீட்ல நட்டதாலதாங்க இப்படி ஆச்சு" என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு தூணின் அடியைச் சுற்றித் தோண்டிக் காட்டினேன். மரம் மழைக்கு விரிந்து கோடையில் சுருங்கியபோது அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்திருந்தது. தூண் வழியாக வழியும் தண்ணீர் அதில் இறங்கி நின்றுவிடும். கீழே போக வழியில்லை, காற்றும் படாது. தரை மட்டத்தில் ஒரு சாண் உயரம் மட்டும் மக்கியிருந்தது; அதற்கு மேலே ஆஞ்சிலித் தூண் கல்லாக இருந்தது. மொத்தமும் பிடுங்க வேண்டிய தேவையே இல்லை.

அந்த வேலையை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரியாமல்தான் பல குடில்களை இடிக்கிறார்கள். முதலில் கூரைப் பாரத்தை விட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, லாரி ஜாக்கியால் மயிரளவு மட்டும் தூக்க வேண்டும். ஒரு மூலையை ஒரேயடியாகத் தூக்கினால் அடுத்த மூலையில் பொளியும் கழுந்தும் பிரிந்துவிடும். நாலு மூலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பிறகு மக்கிய பகுதியைத் தாண்டி நல்ல மரத்துக்குள் ஓர் அடி வரை ஏறி அறுக்க வேண்டும். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிவதை விட மேலே போயிருக்கும். அந்த உயரத்துக்குக் கருங்கல் கால் வைத்து, அதன் தலையில் பித்தளை அல்லது துருப்பிடிக்காத இரும்பு முளை பதித்து, தூணை அதன்மேல் உட்கார வைத்தோம். கல் தலை நடுவில் லேசாக உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும்படி கொத்தியது, தண்ணீர் நிற்காமல் இருக்க. உயரம் போதாத இடத்தில் புதுக்கால் மரம் வைத்துப் பாதி வெட்டுச் சேர்ப்புப் போட்டு இரண்டு போல்ட்டில் கட்டினோம். சேர்ப்பின் வெட்டு வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். எதிர்ப்பக்கம் சரிந்தால் நாமே மழைத்தண்ணீரை மரத்துக்குள் அழைத்தது போலாகும். நம்மூர்த் திண்ணைகளில் மரத்தூணுக்கு அடியில் கல் வைத்திருப்பது அலங்காரத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தார் அந்த உரிமையாளர். வேலை முடிந்தபின் போடியில் தன் தாத்தா வீட்டுத் தூண்களைப் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

அடிச்சட்டம் தரையிலிருந்து ஓர் அடியாவது மேலே இருக்க வேண்டும். கூரையிலிருந்து விழும் தண்ணீர் மண்ணில் மோதி ஒரு சாண் உயரத்துக்குச் சேறாகத் தெறிக்கும். சுவரைச் சுற்றிச் சிமென்ட் தளம் போட்டால் தெறிப்பு கூடும். இரண்டடி அகலத்துக்கு ஜல்லி கொட்டினால் குறையும். அடியில் காற்று ஓட வேண்டும். பலரும் குடிலுக்கு அடியிலுள்ள இடைவெளியைப் பார்க்கச் சகிக்காமல் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள், அல்லது விறகும் தென்னமட்டையும் அடுக்கிவிடுகிறார்கள். அன்றிலிருந்து தரைப்பலகைக்கு நாள் எண்ணத் தொடங்கலாம். பூந்தொட்டியைப் பலகைச் சுவரோடு ஒட்டி வைப்பதும் அப்படியே.

கரையானுக்கும் அதே இடைவெளிதான் மருந்து. பாலக்காட்டுச் செம்மண்ணில் அது வராத தோப்பு கிடையாது. மண்ணிலிருந்து வரும் கரையான் வெளிச்சத்தில் நடக்காது. மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். கல் கால் வெளியில் தெரிந்தால் குழாயும் தெரியும். வாரம் ஒருமுறை சுற்றிவந்து, தெரிந்த குழாயை உடைத்துவிட்டு அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் போதும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே, கல்லை விட ஓரங்குலம் வெளியே நீளும் தகரத் தகடு ஒன்றைக் கீழ்நோக்கி மடித்து வைத்தால் குழாய் அதைச் சுற்றித்தான் வர வேண்டும். மறைந்து வர முடியாது. மண்ணில் மருந்து ஊற்றுவதை நான் கடைசியில்தான் சொல்வேன். கிணறு பக்கத்தில் இருந்தால் சொல்லவே மாட்டேன்.

கழிவு ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாரி பட்டறையிலிருந்து கறுப்பு எண்ணெய் வாங்கி அடிமரத்துக்குப் பூசுவது இரண்டு எல்லையிலும் வழக்கம். செலவில்லை என்பது உண்மை. நெருப்புக்கு அது விருந்து, மண்ணுக்கு விஷம், அதன்மேல் பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாது. அதற்குப் பதில் நம்மிடம் முந்திரிக்கொட்டை எண்ணெய் இருக்கிறது. கேரளக் கடற்கரையில் படகுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பூசுவது. தூண் அடி, அடிச்சட்டத்தின் கீழ்முகம், வெட்டுவாய் ஆகியவற்றுக்கு இதைவிட நல்லது நான் கண்டதில்லை. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, தோலைப் பொத்துப்போகச் செய்யும். வாடை இருப்பதால் அறைக்குள் பூச வேண்டாம்.

கூரைக்கு வருகிறேன். படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று கேட்பவர்கள் காட்டும் குடில்கள் பெரும்பாலும் ஐரோப்பாவினுடையவை. சுவரோடு வெட்டிவிட்டாற்போல் கூரை, இறவாரமே இல்லை. பார்க்க அழகுதான். அங்கே பெய்யும் மழை வேறு. சூரியநெல்லியில் காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை வேறு. தென்மேற்குப் பக்கம் இறவாரம் மூன்றடி நீள வேண்டும், மற்றப் பக்கங்களில் இரண்டரை. ஏற்கெனவே கட்டி முடித்த குடிலுக்குக் கைமரத்தின் பக்கத்தில் துணைக்கட்டை சேர்த்து நீட்டலாம். இல்லாவிட்டால் சாய்ந்த தாங்கிகள் மேல் தனியாக ஒரு சாய்ப்பு இறக்கலாம். நான் எடுக்கும் பழுது வேலைகளில் போட்ட காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். ஒரு சாய்ப்பு, சுவர்ப் பலகையின் ஆயுளை நன்றாகக் கூட்டும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் செதுக்கு வேலையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே இறவாரம் எவ்வளவு தாழ்ந்து இறங்குகிறது, அழிகளுக்கு நடுவே காற்று எப்படி ஊடாடுகிறது என்பதையும் நின்று பார்க்கலாம்.

தகரக் கூரையில் ஒழுக்கு என்றால் முதலில் திருகாணிகளைப் பாருங்கள். ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கும். தகரத்தை மாற்றாமல் வாஷரும் திருகாணியும் மாற்றினாலே நிற்கும். தேயிலை, ஏலத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் இலை தண்ணீர்த் தாரையை அடைத்துக்கொள்ளும். அடைத்த தாரை நிரம்பிப் பின்பக்கமாகச் சுவருக்குள் ஊற்றும். அந்த மரத்தடியில் தாரையே வேண்டாம், தண்ணீர் ஜல்லியில் விழட்டும் என்பது என் கட்சி.

மூணாறுப் பக்கம் வேறொரு ஒழுக்கு உண்டு. மழையே இல்லாத ஜனவரியில் வரும். அந்த உயரத்தில் சில இரவுகளில் புல்மேல் உறைபனி விழும். உள்ளே ஆட்கள் தூங்குகிறார்கள், சன்னலெல்லாம் அடைத்திருக்கிறது, மூச்சின் ஈரமும் குளியலறை ஆவியும் மேலே போய்க் குளிர்ந்த தகரத்தின் அடியில் பட்டு நீராகிச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று மேலே ஏறித் தார் பூசுவார்கள், நிற்காது. தகரத்துக்கும் உள்கூரைப் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, இறவாரத்தில் காற்று நுழைய வாய், மோட்டில் வெளியேற வாய், இரண்டிலும் வண்டு புகாத வலை. இதைச் செய்தால் சொட்டு நின்றுவிடும். குளியலறையை மரக்குடிலுக்குள்ளேயே வைப்பதை நான் எப்போதும் எதிர்ப்பேன். ஒட்டினாற்போல் தனியாகக் கட்டட வேலையில் கட்டி, நடுவில் ஒரு கையகலம் காற்றுக்கு விட்டுவிடலாம்.

அடைத்த குடிலைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கியவர்கள் விடியலில் எழாமல் போன செய்தி கொடைக்கானலிலிருந்து வந்திருக்கிறது. கரியிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமோ வாடையோ இருக்காது. எவ்வளவு நெருங்கிய வாடிக்கையாளராக இருந்தாலும் மூட முடியாத ஒரு காற்றுத் துளை இல்லாமல் நான் குடிலை ஒப்படைப்பதில்லை. கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. இருக்கட்டும்.

மரத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. வைரம் பாய்ந்த தேக்கு, ஆஞ்சிலி, கருமருது, இருள் ஆகியவை வெளியில் நிற்கும். ஆனால் எந்த மரத்திலும் வெள்ளைப் பகுதி நிற்காது. தேக்கின் வெள்ளையையும் வண்டு துளைத்துவிடும். சில்வர் ஓக் உள்வேலைக்கு நல்ல மரம், மழையில் நிற்காது. ரப்பர் மரத்தை அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்காவிட்டால் நீலம் பாய்ந்து உளுத்துப்போகும். அந்தக் கரைசல் மழையில் கரைந்துவிடுவதால் ஊறவைத்த மரமும் அறைக்குள்தான். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 1975 முதல் இம்மாதிரி மரங்களைச் சோதித்து வருகிறது. பாலக்காட்டுக்காரர்கள் மறந்துவிட்ட மரம் ஒன்று உண்டு: பனை. முற்றிய பனையின் கறுத்த புறவைரத்தில் அறுத்த வாரைகள் அந்தக் கால ஓட்டு வீடுகளில் இன்றும் வளையாமல் கிடக்கின்றன. பழைய வீடு பிரிக்கும் இடத்தில் அதைக் கண்டால் விடாமல் வாங்கிவிடுவேன். மூங்கிலை வெட்டியதும் ஓடும் தண்ணீரில் சில வாரம் போட்டுவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து கரையும். வண்டுக்கு அப்புறம் அதில் வேலையில்லை. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்பார் பெரியப்பா. நான் தண்ணீரில் போடுவதைத்தான் நம்புகிறேன். தேக்கோ ஈட்டியோ எல்லை தாண்டி எடுத்துப் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதிச்சீட்டு இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

பூச்சில் எல்லோரும் விரும்புவது கண்ணாடி போன்ற வார்னிஷ். பாலக்காட்டு வெயில் அந்தப் படலத்தைத் துளைத்து மரத்தின் மேல்தோலைச் சுட்டுவிடும். படலம் தோல் உரிந்தாற்போல் கிளம்பும், அதன் பின்னால் தண்ணீர் புகும், வெளியே வர முடியாது. உரிந்த இடத்தில் மட்டும் மேலும் ஒரு கோட் அடிப்பது வீண். முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து, கொஞ்சம் காவி நிறமும் சேர்த்து ஊறவிடுங்கள். நிறம் வெயிலைத் தடுக்கும், எண்ணெய் ஈரத்தை விட்டுக்கொடுக்கும். ஆண்டுக்கொரு முறை துடைத்துப் பூசினால் போதும், சுரண்ட வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளிக்குள் போடுங்கள்.

ஆணிகளைப் பொறுத்தவரை துருப்பிடிக்காத இரும்புத் திருகாணி விலை கூடுதல்தான், வேறு வழியில்லை. துவர்ப்புள்ள மரத்தில் சாதா ஆணி அடித்தால் மழைக்குப் பின் ஒவ்வோர் ஆணியிலிருந்தும் கறுப்புக் கோடு இறங்கும். கருவண்டு இறவாரக் கட்டையில் விரல் நுழையும் வட்டத் துளை போட்டால் உடனே அடைக்க வேண்டாம். உள்ளே புழு இருக்கும். வண்டு வெளியேறிய பின் முளை அடித்து எண்ணெய் பூசிவிடுங்கள்.

யானை நடமாடும் இடத்தில் மரக்குடிலில் அரிசி மூட்டை வைக்கக் கூடாது. சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை அரிசிக்காக எத்தனை வீடுகளையும் கடைகளையும் உடைத்தது என்பது அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். 2023 ஏப்ரல் கடைசியில் அதைப் பிடித்துப் பெரியார் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். பலகைச் சுவர் யானைக்குச் சுவரே அல்ல.

அதைவிட முக்கியம் மலைச்சரிவு. மரவீடு எடை குறைவு, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று நினைக்கிறார்கள். அதற்காக மண்ணைச் செங்குத்தாக வெட்டித் தளம் எடுப்பவர்களிடம் நான் வேலை ஒப்புக்கொள்வதில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் எழுபது உயிர்களை மலை வாங்கிக்கொண்டது. அவர்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். அதற்குப் பிறகும் ஓடைத் தடத்தில் குடில் கேட்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. வெட்டாமல், சரிவின் போக்கிலேயே நெட்டையும் குட்டையுமாகக் கால்கள் கொடுத்துக் கட்டலாம். மேட்டுப் பக்கம் தண்ணீரை இரு பக்கமும் பிரித்துவிடும் வாய்க்கால் வேண்டும். மரவீட்டுக்கு அனுமதி தேவையில்லை என்ற பேச்சை நம்பாதீர்கள். பஞ்சாயத்திலும் வருவாய்த்துறையிலும் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

இப்போது என்னோடு வேலை செய்யும் பையன்களில் சிலர் அசாமிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவன் பிரம்மபுத்திரா கரை மிசிங் குடும்பத்துப் பிள்ளை. அவன் ஊரில் வீடெல்லாம் வெள்ளத்துக்குப் பயந்து கால்களின் மேல் நிற்கும். குடிலுக்கு அடியில் ஏன் இடைவெளி வேண்டும் என்று மற்றவர்களுக்கு அரை நாள் விளக்குவேன். அவனுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தரைப்பலகைகளை நான் நெருக்கி அடுக்கப் போனபோது, "உஸ்தாத், கொஞ்சம் கேப் விடுங்க, கூட்டுனா குப்பை கீழே போகும், தண்ணியும் போகும்" என்று அவனே சொன்னான். வராந்தாப் பலகைகளுக்கு இப்போது ஆறு மில்லிமீட்டர் இடைவெளி விடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

மேலே இடுக்கியில் பழுது வேலை செய்யச் சித்திரை நல்லது. மரம் காய்ந்திருக்கும், எண்ணெய் இறங்கும், மே கடைசிக்குள் முடித்துவிடலாம். கீழே பாலக்காட்டில் ஐப்பசி மழை விட்ட பிறகு செய்யுங்கள். வறண்ட காற்று தொடங்குமுன் வெட்டுவாய்களுக்கு எண்ணெய் ஏறியிருக்க வேண்டும். சுற்றிவந்து திருப்புளியால் குத்திப் பார்ப்பதை மட்டும் ஆசாரி வரும்வரை வைத்திருக்காதீர்கள். வீட்டில் யாராவது ஒருவர் மாதம் ஒருமுறை செய்யலாம். முனை இறங்கிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். அடுத்த மாதம் கோட்டுக்கு மேலேயும் முனை இறங்கினால் அப்போது கூப்பிடுங்கள். இறங்காவிட்டால் அந்தத் தூணுக்கு மேலே கூரையில் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று தேடுங்கள்.